ஆராய்ச்சி நிதி கிடைத்தது, வாங்கத்தான் முடியவில்லை

வெளிநாட்டில் உள்ள ஒரு துறைச் சங்கம் எனக்கென்று ஒதுக்கிய 10,000 யூரோவை, அன்றைய மதிப்பில் சுமார் 9 லட்சம் ரூபாயை, "எங்களால் பெற்றுக்கொள்ள இயலவில்லை" என்று என் கையாலேயே எழுதித் திருப்பியிருக்கிறேன். இரண்டு வரிக் கடிதம். அதை அடித்து அனுப்ப எனக்கு மூன்று நாள் ஆனது. சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் ஐசியூ டாக்டராக இருக்கிறேன். 12 படுக்கை, வருடத்துக்கு ஐநூற்றுச் சொச்சம் அட்மிஷன். 2022 ஜனவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை ஆராய்ச்சி நிதிக்காக அலைந்ததில் சொந்தக் காசு 1,70,000 ரூபாய் போனது. தூக்கம் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை, எங்கள் தொழிலில் அது எப்படியும் போகும். ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர இங்கே ஆள் இருக்கிறார்கள். அயப்பாக்கத்தில் இருக்கும், ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை பி.ஜி. மாணவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கிறார்கள். ஆனால் பணம் எந்தக் கதவு வழியாக வரும், அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கேள்வி நல்ல கேள்விதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். கிருமித்தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்து, அதாவது செப்டிக் ஷாக்கில் வருகிற ஒருவருக்குக் கிட்னி அடிவாங்கியிருப்பதை கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவதற்குள் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஓடிவிடும். சிறுநீரில் என்ஜிஏஎல் என்ற புரதம் அதற்கு முன்பே ஏறிவிடும். அதைப் பார்த்து டயாலிசிஸை முன்கூட்டியே தொடங்கினால் இறப்பு குறையுமா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, 200 பேரை வைத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதினேன். அந்த 200 எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். முழு எண்ணாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் பயிற்சி பெற்ற இடத்தில் இருந்த சீனியர் ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாளே போன். "ஏம்மா, ஸ்டார்ட்-ஏகேஐ படிச்சியா இல்லியா?" படித்திருந்தேன். டயாலிசிஸை முன்பே தொடங்குவதா, பொறுத்துத் தொடங்குவதா என்ற கேள்வியை 15 நாடுகளில், 168 மருத்துவமனைகளில், 3,000 நோயாளிகளை வைத்துக் கேட்டு 2020-இல் வெளியான சோதனை அது. முன்பே தொடங்கியதால் இறப்பு குறையவில்லை. "அவ்வளவு பெரிய படை போயும் விழாத கோட்டையை நீ பன்னெண்டு பெட்டை வெச்சுக்கிட்டு புடிக்கப் போறியா?" என்றார். ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இறப்பு 30 சதவீதத்திலிருந்து 25-க்குக் குறைகிறது என்று காட்ட, வழக்கம்போல 80 சதவீத பவரும் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை வாய்ப்பும் வைத்துக்கொண்டால், ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 1,250 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 2,500. எங்கள் ஐசியூவுக்கு செப்டிக் ஷாக்கில் வருபவர்கள் வருடத்துக்கு நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் சம்மதித்தாலும் 25 வருடம். அதற்குள் நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்.

இந்தக் கணக்கை முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முதல் நிதிக்கு விண்ணப்பிக்கிறவர் இறப்பு குறைகிறதா என்பதை அளவுகோலாக வைத்தால், மதிப்பீடு செய்கிறவர் அதற்கு மேல் படிக்கவே மாட்டார். தகுதியானவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள், அதில் எத்தனை குடும்பம் சம்மதிக்கிறது, ஆய்வின் செயல்முறையை நர்ஸ்கள் எவ்வளவு தூரம் பின்பற்ற முடிகிறது, 90-ஆம் நாள் போன் செய்தால் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று கேட்கும் சிறிய ஆய்வுதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும். பெரிய சோதனை செய்ய ஆசை இருந்தால் பல மருத்துவமனைகள் சேர்ந்த குழுவில் ஒரு மையமாகச் சேர்ந்துகொள்ளலாம். தீவிர ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளினா, அசித்ரோமைசினா, இரண்டும் சேர்த்தா என்று வேலூர் சிஎம்சிக்காரர்கள் தலைமையில் நடந்த சோதனை அப்படித்தான் நடந்தது. 7 மருத்துவமனைகள், சுமார் 800 பேர். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் நிதி. 2023-இல் உலகமே படிக்கும் பத்திரிகையில் வந்தது. நம் ஊர்க் காய்ச்சல், நம் கடையில் கிடைக்கும் இரண்டு மருந்து.

இதற்குள் நான் பழைய டிசைனுக்கே தமிழ் சம்மதப் படிவம் தயார் செய்து வைத்திருந்தேன். மொழிபெயர்க்கவும், அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரவும் ஓர் ஏஜென்சிக்கு 8,000 ரூபாய் கொடுத்தேன். "தாங்கள் இவ்வாய்வினின்று எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமையுடையீர்" என்று வந்தது. எங்கள் ஐசியூ ஆயாம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கோர்ட் பேப்பரா டாக்டரம்மா?" என்றார். பிறகு நானே எழுதினேன். "நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் சொல்லிவிடலாம். அதனால் வைத்தியம் குறையாது." குலுக்கல் என்ற சொல்லையும் அப்போதே எடுத்துவிட்டேன். ஆயாம்மா அதைக் கேட்டதும், "சீட்டு விழலைன்னா வைத்தியம் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். ஏஜென்சிக்குக் கொடுத்த காசை ஆயாம்மாவுக்கே கொடுத்திருக்கலாம். படிவத்தை, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்புவதற்கு முன்பு, மருத்துவம் படிக்காத இரண்டு பேரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் மாறும் இடத்தில் பேனாவை வையுங்கள்.

டயாலிசிஸை விட்டுவிட்டு, என்ஜிஏஎல் கிட்னி பாதிப்பை எவ்வளவு முன்பே சொல்கிறது என்று மட்டும் பார்க்கும் ஆய்வாகச் சுருக்கினேன். புள்ளியியல் ஆலோசகருக்கு 15,000, ஆங்கிலத்தைத் திருத்தியவருக்கு 11,000. 2022 ஆகஸ்ட்டில் ஒரு மத்திய அரசு நிதிக்கு ஆன்லைனில் சமர்ப்பித்தேன். நவம்பரில் பதில் வந்தது. அறிவியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் நிறுவனத்தின் டிஎஸ்ஐஆர் அங்கீகாரச் சான்று இணைக்கப்படவில்லை, எனவே பரிசீலிக்க இயலாது.

டிஎஸ்ஐஆர் என்பது மத்திய அரசின் அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சித் துறை. லாப நோக்கில்லாத தனியார் நிறுவனங்களை ஆராய்ச்சி அமைப்பாக அங்கீகரித்து எஸ்ஐஆர்ஓ என்று ஒரு சான்று தருவார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்மைப் போன்ற அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு அது இல்லாமல் பெரும்பாலான மத்திய அரசு நிதி கிடைக்காது. நான் அந்த இடத்தில் எதை இணைத்திருந்தேன் தெரியுமா? எங்கள் என்ஏபிஹெச் தரச்சான்றிதழை. லாபியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, இதைவிட என்ன அங்கீகாரம் வேண்டும் என்று நினைத்தேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்தேன்.

அந்தக் கோபத்தில் நிதிகளின் நிபந்தனைகளை முதல்முறையாக அடியிலிருந்து மேலே படித்தேன். நீங்களும் அப்படிப் படியுங்கள், முக்கியமானது எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஐசிஎம்ஆர் இப்போது 2 கோடி ரூபாய் வரை சிறு நிதி என்றும், 2 முதல் 8 கோடி வரை இடைநிலை நிதி என்றும் பிரித்திருக்கிறது. 'சிறு' என்ற சொல்லைப் பார்த்து எனக்கு ஒரு வறட்டுச் சிரிப்பு வந்தது. செர்ப் என்ற பழைய மத்திய அரசு நிதி அமைப்பின் இடத்தில் வந்திருக்கும் ஏஎன்ஆர்எஃப், இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் வரை தருகிறது. இந்தியா அலையன்ஸ் மருத்துவர்களுக்கென்றே ஆரம்பநிலை ஃபெலோஷிப் வைத்திருக்கிறது, 5 ஆண்டுகள். ஆனால் ஐசியூக்காரர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் நம்மில் பாதிப் பேர் நிரந்தர ஊழியர் கிடையாது. வருடா வருடம் புதுப்பிக்கும் கன்சல்டன்ட் ஒப்பந்தம். 'முறையான பணியில் இருக்க வேண்டும், திட்டம் முடியும்வரை பணி தொடரும் என்று நிறுவனத் தலைவர் உறுதி தர வேண்டும்' என்ற ஒரு வரியில் நாம் வெளியே போய்விடுகிறோம். என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், 11 மாதம் என்றிருந்தது. வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி. அதை மூன்று வருடமாக மாற்றித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் நான்கு முறை போனேன், ஐந்தாவது முறை மாற்றினார்கள்.

பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆனது என்ற கணக்கு இன்னொரு விஷயம். 'இளம்' என்பதற்கு ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பிரசவ விடுப்பு, குழந்தைக்காக வேலையை விட்டிருந்த மாதங்கள் ஆகியவற்றைக் கழித்துப் பார்க்கும் நிதிகள் உண்டு. ஆனால் நாமாக எழுதிச் சான்று வைத்தால்தான் கழிப்பார்கள். என் பையன் பிறந்தபோது எடுத்த விடுப்பை நான் எங்குமே எழுதவில்லை. எழுதினால் குறையாக நினைப்பார்களோ என்று கூச்சம்.

சரி, வெளிநாட்டுப் பணத்துக்கு வருகிறேன். டிஎஸ்ஐஆர் கேட்காத இடமாகத் தேடினேன். உலக அளவில் தீவிர சிகிச்சைச் சங்கங்கள் தங்கள் இளம் உறுப்பினர்களுக்குச் சிறு தொகைகள் தருவது வழக்கம். விண்ணப்பம் ஐந்து பக்கம்தான், ஆனால் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் போட்டேன். ஜூனில் ஒரு நாள் நைட் டூட்டி முடித்து வேளச்சேரி ஸ்டேஷன் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. கிடைத்துவிட்டது. அங்கேயே நின்று அழுதேன். டீக்கடைக்காரர் பயந்துபோய், "வீட்ல ஏதாச்சும் ஆயிருச்சாம்மா?" என்றார். இல்லண்ணே, நல்ல சேதி என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெரிய தப்பைச் செய்தேன். பணம் வரத்தானே போகிறது என்று ஜூலையிலேயே என் கார்டில் இரண்டு என்ஜிஏஎல் கிட் ஆர்டர் போட்டேன். ஒன்று 68,000 ரூபாய். எத்திக்ஸ் ஒப்புதல் கையில் இருந்தது, சேர்க்க நோயாளிகள் இருந்தார்கள், ஏன் காத்திருக்க வேண்டும்? நிதி எதுவானாலும் சரி, அனுமதிக் கடிதத்தில் தொடக்கத் தேதி என்று ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் செலவழித்தது உங்கள் செலவு. யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

ஆகஸ்ட்டில் சங்கத்திலிருந்து வங்கி விவரம் கேட்டார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. அங்கே 30 வருடமாக இருக்கும் பெரியவரிடம் போய், "சார், நம்ம எஃப்சிஆர்ஏ அக்கவுண்ட் நம்பர் வேணும்" என்றேன். எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம். வெளிநாட்டுப் பணம் வாங்க அதன்கீழ் பதிவு வேண்டும் என்ற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனைக்கு அது உண்டு என்று யாரோ சொன்னதும் நினைவிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு பீரோவைத் திறந்தார். பச்சை ஃபைல். மேலே சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடிந்து உதிர்ந்தது. விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. "மேடம், இது 2021-லயே முடிஞ்சிருச்சே" என்றார். அந்தப் பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், புதுப்பிக்க வேண்டும். கோவிட் நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வெளிநாட்டிலிருந்து யாரும் எங்களுக்குப் பணம் அனுப்பவில்லை, அதனால் யாருக்கும் வலிக்கவில்லை.

அடுத்த இரண்டு மாதம் நான் டாக்டராக இருந்ததைவிட குமாஸ்தாவாக இருந்ததுதான் அதிகம். வேறு வழி இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே தருகிறேன். வெளிநாட்டு நன்கொடை முதலில் டெல்லியில் நாடாளுமன்றத் தெருவில் இருக்கும் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்கில்தான் விழ வேண்டும். 2020 திருத்தத்திலிருந்து அப்படி. பதிவு இருக்கும் வேறொரு நிறுவனம் வாங்கி நமக்குக் கொடுக்கும் வழி முன்பு இருந்தது, அதையும் அதே திருத்தம் அடைத்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு நன்கொடைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம், எஃப்சி-3பி படிவம், கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார். சங்கம் தந்திருந்த கெடு அக்டோபர் 31. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "உன் சொந்த அக்கவுண்ட்ல போடச் சொல்லு, யார் பாக்கப் போறா" என்றார். ஆடிட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தனி ஆளும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறார். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக அமைந்திருந்தாலும் இன்னொரு படி பாக்கி இருந்தது. வெளிநாட்டு நிதியிலோ கூட்டு முயற்சியிலோ நடக்கும் மருத்துவ ஆய்வு, சுகாதார அமைச்சகத்தின் ஹெச்எம்எஸ்சி என்ற பரிசீலனைக் குழுவைத் தாண்ட வேண்டும். ஐசிஎம்ஆர் வழியாகப் போகும். நான் அதுவரை போகவே இல்லை. அக்டோபர் கடைசி வாரத்தில் அந்த இரண்டு வரிக் கடிதத்தை அனுப்பினேன். அவர்கள் மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. வீட்டில் மாமியார், "காசு போனா போவுது, நீ சாப்பிடு" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார். காசு என் கைக்கு வரவே இல்லையே, அப்புறம் எப்படிப் போகும் என்று அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

கிட் இருக்கிறது, மாதிரிகள் இருக்கின்றன, அதையாவது முடித்து முதற்கட்டத் தரவாக வைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் வாங்கியது எலைசா வகைப் பரிசோதனை கிட், ஒன்றில் மாதிரி ஊற்ற 96 குழி. தர அளவீடுகளுக்குப் போக, ஒவ்வொரு மாதிரியையும் இருமுறை வைத்தால் 40 பேருக்குச் சரியாக இருக்கும். இரண்டு கிட்டுக்கு 80 பேர். என்னிடம் 46 பேரின் சிறுநீர் இருந்தது. 40 சேர்ந்ததுமே முதல் கிட்டை ஓட்டியிருக்கலாம். 80 சேரட்டும், ஒரே நாளில் இரண்டையும் ஓட்டினால் வேறுபாடு குறையும் என்று புத்திசாலித்தனமாகக் காத்திருந்தேன். டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் ஆராய்ச்சி ஃப்ரீசர் தரைத்தளத்தில், பழைய எக்ஸ்ரே அறையில் இருந்தது. மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஐசியூவுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும்தான், அது நியாயம்தான். நான்காவது நாள் தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தேன். மூத்திர வாடையும் சேற்று வாடையும் சேர்ந்து அடித்தன. குழாய்களின் மேல் மார்க்கரில் நான் எழுதிய எண்கள் நீலக் கறையாக வழிந்திருந்தன. 17-ஆம் எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது, அது என்னவோ. கிட் இருந்த ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் மிதந்து சாய்ந்திருந்தது. சென்னையில் மாதிரி சேமிக்கிறவர்கள் ஃப்ரீசரை முதல் மாடிக்கு மேலே வையுங்கள், அது ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். இவை எல்லாம் பட்ஜெட்டில் கேட்கக்கூடிய செலவுகள்தான். நான் கேட்கவில்லை.

2024-இல் ஐந்து மாதம் நான் எதுவும் எழுதவில்லை. டூட்டி பார்த்தேன், வீட்டுக்குப் போனேன். மறுபடி தொடங்கியது ஒரு நீள நோட்டில்தான். ஐசியூ இன்சார்ஜ் சிஸ்டர் மேஜையில் ஒரு நோட்டை வைத்து, ஷாக்கில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன். வயது, தகுதி உண்டா இல்லையா, இல்லை என்றால் ஏன், குடும்பத்தில் முடிவெடுக்கிறவர் யார், அவர் எத்தனை மணிக்கு வந்தார். காசு எதுவும் ஆகாது. பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும். எத்திக்ஸ் கமிட்டிக்குத் தெரியப்படுத்திவிட்டேன். 'மாதம் எத்தனை பேரைச் சேர்க்க முடியும்' என்ற கேள்விக்கு என் பழைய விண்ணப்பங்களில் குத்துமதிப்பாக எழுதியிருந்தேன். நோட்டு வந்த பிறகு அந்தப் பதில் நான் எழுதியதில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. நிதி கேட்பதற்கு மூன்று மாதம் முன்பே இந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.

கிட்டையும் விட்டுவிட்டேன். பழைய சீனியர்தான் மறுபடி போனில், "ஃப்ரூசமைட் டெஸ்ட் இருக்கும்போது உனக்கு எதுக்கும்மா அறுபத்தெட்டாயிரம்?" என்றார். உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கும் நோயாளிக்கு, கிட்னி பாதிப்பின் தொடக்கத்தில், ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் வீதம், சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃப்ரூசமைட் கொடுக்க வேண்டும். முன்பே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 1.5. அடுத்த இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிக்குக் குறைவாகச் சிறுநீர் போனால் பாதிப்பு முற்றும் வாய்ப்பு அதிகம். 2013-இல் 77 பேரை வைத்துச் சொன்னது. ஊசியின் விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. ஃப்ரீசர் வேண்டாம், வெள்ளம் வந்தாலும் கவலையில்லை. நம் ஊர் ஐசியூவில், நம் நர்ஸ் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, மணிக்கு மணி சிறுநீரை அளந்து இதைச் செய்ய முடியுமா என்பதைக் கேள்வியாக வைத்தேன். 60 பேர். இங்குள்ள ஒரு துறை அமைப்பின் சிறு நிதிக்கு அனுப்பினேன், 2024 செப்டம்பரில் 2 லட்சம் கிடைத்தது. எழுதுவதற்கு முன்னால் அக்கவுண்ட்ஸ் மாடிக்குப் போய், "இந்தப் பணம் நம்ம எந்த கணக்குக்கு வரும், வாங்கலாமா?" என்று பெரியவரிடம் கேட்டு, அதைத் தாளில் டைப் அடித்து அவரிடமே கையெழுத்து வாங்கிய பிறகுதான் முதல் வரியை எழுதினேன்.

2 லட்சத்தில் ஆள் வைக்க முடியாது. ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் ஒருவருக்கே 2023-லிருந்து மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி சேர்த்தால் வருடத்துக்கு ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். அதனால் தரவு பதிய பகுதிநேரமாக ஒருவர், மற்றது நானும் இரண்டு சிஸ்டர்களும். அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தோழி ஒருத்தி அவள் பட்ட கஷ்டத்தைச் சொன்னாள். அவளுக்கு அரசு நிதி கிடைத்தது, முதல் தவணையும் வந்தது. செலவுச் சான்றான ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தை அனுப்பத் தாமதமானதால் இரண்டாம் தவணை நின்று, திட்டத்துக்கு எடுத்த பெண்ணுக்கு நான்கு மாதம் சம்பளம் இல்லை. தோழி தன் கையிலிருந்து கொடுத்தாள். நடுவில் அவளுக்கே கவுன்சலிங்கில் வேறு ஊருக்கு மாறுதல். அரசுப் பணியில் இருப்பவர்கள் அதே கல்லூரியில் நிலைத்திருக்கக்கூடிய ஒருவரைக் கோ-பிஐயாக, அதாவது இணை ஆய்வாளராக, முதல் நாளே போட்டுவிடுங்கள் என்று அவள் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவதையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இலவசம்தான், ஆனால் 2018 ஏப்ரல் 1-லிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பு பதிந்தால்தான் ஏற்பார்கள். அவர்கள் கேள்வி கேட்டு, நாம் பதில் சொல்லி, எண் கைக்கு வர வாரங்கள் ஆகும். எனக்கு ஐந்து வாரம் ஆனது, அந்த ஐந்து வாரமும் தகுதியான நோயாளிகள் வந்து போவதை நோட்டில் எழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சேர்க்கத் தொடங்கிய பிறகு ஒரு ராத்திரி. இரண்டு மணி இருக்கும். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்தவர், 50 வயது, வென்டிலேட்டரில். சிறுநீர் குறைய ஆரம்பித்திருந்தது, எல்லாத் தகுதியும் இருந்தது. நோயாளி சுயநினைவில் இல்லாதபோது குடும்பத்தில் சட்டப்படி பேசக்கூடியவர் சம்மதிக்கலாம், நினைவு வந்ததும் நோயாளியிடமே மறுபடி கேட்க வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கணவருடைய செருப்பும் சட்டையும் பிளாஸ்டிக் கவரில். நான் எழுதிய தமிழில் முழுதும் படித்துக் காட்டினேன். புரிந்தது என்றார், திருப்பிச் சொல்லவும் செய்தார். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியதும், "என் கொழுந்தனார் வரட்டும் டாக்டரம்மா" என்றார். கொழுந்தனார் கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் ரயிலில் வந்துகொண்டிருந்தார். அவர் வந்தபோது ஆய்வுக்கு வைத்த நேரம் தாண்டிவிட்டது. நோட்டில் "தகுதி உண்டு, முடிவெடுப்பவர் தாமதம்" என்று எழுதினேன். அந்தக் காரணம் மட்டும் அந்தப் பக்கத்தில் ஆறாவது முறை. அடுத்த விண்ணப்பத்தில் நேர வரம்பைத் தளர்த்தவும், போனில் பேசி முதல் சம்மதம் பெறவும் எத்திக்ஸ் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதுவரை 41 பேர் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் ரவுண்ட்ஸ் நடுவில் அக்கவுண்ட்ஸ் பெரியவர் இன்டர்காமில் கூப்பிட்டார். "மேடம், அந்த எஸ்ஐஆர்ஓ சர்டிபிகேட் வந்திருச்சு. ஃபைல்ல வெச்சிரட்டுமா?" வேண்டாம் சார், பச்சை ஃபைலில் வைக்காதீர்கள், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். முடியும் தேதி மார்ச் 31 என்று இருந்தது. அவர் மேஜைக்கு எதிரே தொங்கும் தினசரி காலண்டரில் அந்த வருடம் இன்னும் வரவில்லை. அதனால் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட்டு வந்தோம்.